ஃப்ரீமேசன் ஆகணுமா? ஒரே நாள் வழியும் படிப்படி வழியும்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூரிலிருந்து ஃப்ரீமேசன் லாட்ஜில் (ஃப்ரீமேசன்ரி என்ற சகோதர அமைப்பின் உள்ளூர்க் கிளையைத்தான் லாட்ஜ் என்கிறோம்) சேர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு நாளில் முடியும்?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. வளைகுடாவில் வேலை செய்கிறவருக்கு வருஷத்துக்கு ஒரு மாத லீவு, அதற்குள் கல்யாணம், வீட்டு வேலை, ஊர்த் திருவிழா எல்லாம் முடிய வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வேறு "சனிக்கிழமை காலையில் உள்ளே போனேன், சாயங்காலம் மாஸ்டர் மேசனாக வெளியே வந்தேன்" என்று, அதாவது மூன்று படியும் ஒரே நாளில் முடிந்தது என்று, போனில் சொல்லியிருப்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் நம் பக்கத்து லாட்ஜ்களில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நடக்கவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து, ஏன் என்று சொல்கிறேன்.

அடிப்படை மூன்று படிகள்: என்டர்ட் அப்ரண்டிஸ், ஃபெலோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன். கல்தச்சர்களின் கருவிகளை வைத்து ஒழுக்கம் சொல்லித் தருவதுதான் முறை. முதல் படியில் 24 அங்குல அளவுகோலும் சுத்தியலும் உளியும் வரும், இரண்டாவதில் மூலைமட்டம், மட்டம் பார்க்கும் கருவி, தூக்குக்குண்டு, மூன்றாவதில் கவராயமும் இன்னும் சிலவும். நம் வீட்டுக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பாரே, அதே குண்டுதான் அங்கே நேர்மைக்கு அடையாளம். சடங்குக்குள் நடப்பதை நான் எழுத மாட்டேன், கருவிகளின் பெயர் ஊரறிந்த விஷயம் என்பதால் சொன்னேன்.

இப்போது ஒரே நாள் வழி. அமெரிக்காவில் 1959-ல் 40 லட்சத்துக்கு மேல் மேசன்கள் இருந்தார்கள், அதற்குப் பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து இன்று 10 லட்சத்துக்கும் கீழே. வேலை, குடும்பம் என்று நேரமில்லாதவர்களை உள்ளே கொண்டுவர 1990களிலிருந்து பல மாநில கிராண்ட் லாட்ஜ்கள் (லாட்ஜ்களுக்கு மேலே இருக்கும் தலைமை அமைப்புகள்) ஒரு நாள் வகுப்பு நடத்த ஆரம்பித்தன. பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவர் மட்டும் மேடையில் மூன்று சடங்குகளையும் கடந்து போவார், மற்றவர்கள் பார்ப்பார்கள், உறுதிமொழியை மட்டும் எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்வார்கள். அதற்கும் முன்பே, கிராண்ட் லாட்ஜின் தலைவரான கிராண்ட் மாஸ்டர் தன் அதிகாரத்தில் ஒருவரை நேரடியாக மேசன் ஆக்கும் வழக்கமும் அங்கே உண்டு. வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, 1909 பிப்ரவரி 18-ல், சின்சினாட்டியில் அப்படித்தான் மேசன் ஆனார்.

இங்கிலாந்து முறையில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குறைந்தது நாலு வாரம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் சில நாடுகளில் ஒரு படியில் ஒரு வருஷம் இருக்க வைப்பார்கள், கட்டுரை எழுதி வாசிக்கவும் சொல்வார்கள். நம்முடையது இங்கிலாந்து வழியில் வந்தது, 1961 நவம்பரில் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் ஏற்பட்ட பிறகும் அந்த நடைமுறைதான் பெரும்பாலும் தொடர்கிறது. விவேகானந்தரின் தேதிகளைப் பாருங்கள். கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தாவாக இருந்தபோது 1884 பிப்ரவரி 19-ல் முதல் படி, ஏப்ரல் 15-ல் இரண்டாவது, மே 20-ல் மூன்றாவது. மூன்று மாதம். தடங்கல் இல்லாமல் போனால் இன்றும் ஏறக்குறைய அதுதான் வேகம், ஆனால் வரிசையில் ஆட்கள் இருந்தாலோ நீங்கள் இரண்டு கூட்டத்தைத் தவறவிட்டாலோ ஒரு வருஷம்கூட ஆகும், அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளியை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், சபரிமலைக்கு 41 நாள் விரதமிருந்து போகிறவரும் பம்பையில் இறங்கி மாலை போட்டு அன்றே மலை ஏறுகிறவரும் ஒரே பதினெட்டாம் படியைத்தான் ஏறுகிறார்கள், ஒரே சாமியைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் அந்த 41 நாளில் வீட்டில் நடந்த மாற்றம் இரண்டாமவருக்கு நடக்கவில்லை. லாட்ஜிலும் படி ஏறுவது ஒரு ராத்திரி வேலைதான். ஏறிய பிறகு வருகிற வாரங்களில்தான் விஷயம் உள்ளே இறங்குகிறது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? உங்களைத் தெரிந்த ஒரு மேசனிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள், யாராவது வந்து அழைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும், கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்தக் கடவுள் என்பது உங்கள் விருப்பம். கீதை, குரான், பைபிள், குரு கிரந்த் சாகிப் எல்லாம் நம் லாட்ஜ்களில் வைக்கப்படும். மதச் சர்ச்சையும் அரசியலும் உள்ளே பேசக் கூடாது. இது ஆண்கள் மட்டும் சேர்கிற அமைப்பு, பெண்களும் சேர்கிற கோ-மேசன்ரி வேறு. சிலர் உங்கள் வீட்டுக்கு வந்து பேசுவார்கள், அந்த நேரத்தில் மனைவியையும் உட்கார வையுங்கள், மாதம் ஒரு ராத்திரி நீங்கள் லேட்டாக வருவது அவருக்கும் சம்மதமா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் லாட்ஜில் ரகசிய ஓட்டு, சம்மதத்துக்கு வெள்ளைக் குண்டு, மறுப்புக்குக் கருப்புக் குண்டு போடுவது இன்றும் உண்டு.

நம் பக்கத்துத் தமிழ் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். லாட்ஜ் உங்களைத் தடுக்காது, உங்கள் திருச்சபை தடுக்கிறது. 1738-ல் போட்ட தடை, 1983-ல் மறுபடி உறுதி செய்தார்கள், 2023 நவம்பரிலும் அதையே சொன்னார்கள். சேர்ந்தால் நற்கருணை வாங்க முடியாது என்பது அவர்கள் நிலை. இதை மறைத்து ஒருவரைச் சேர்ப்பது பெரிய பாவம் என்று நினைக்கிறேன். முதலில் பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு வாருங்கள்.

வாட்ஸ்அப்பில் "இல்லுமினாட்டி, ஃப்ரீமேசன் உறுப்பினர் ஆகலாம், ஒரே நாளில், வீட்டிலிருந்தே, கோடி கோடியாகப் பணம் வரும்" என்று செய்தி வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். முறையான எந்த லாட்ஜும் ஆன்லைனில் சேர்ப்பதில்லை, ஆளைப் பார்க்காமல் பணம் கேட்பதில்லை, சேர்ந்தால் பணம் தருவதும் இல்லை. பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்: சேர்க்கைக் கட்டணம், வருஷ சந்தா, சாப்பாட்டுச் செலவு, தர்மத்துக்கு உங்களால் முடிந்தது. லாபத்தை எதிர்பார்த்து வரவில்லை என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். கான்ட்ராக்ட் பிடிக்கவோ போலீஸ் ஸ்டேஷனில் சிபாரிசுக்கோ வருகிறவர் அங்கே பொய் சொல்லித்தான் உள்ளே நுழைய வேண்டும். மேசன்கள் என்னதான் செய்கிறார்கள் என்று வெளியிலிருந்தே பார்க்க ஆசைப்பட்டால் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் குழந்தைகளுக்கான மேசானிக் மருத்துவமனை இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

முதல் படி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்தில் வேறொருவருக்கு இரண்டாம் படி நடக்கும், அப்போது உங்களை வெளியே போகச் சொல்வார்கள். நிறையப் பேருக்கு இது கஷ்டமாக இருக்கும், சூட் போட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டு வராந்தாவில் உட்கார வேண்டுமா என்று. உட்காருங்கள். கதவுக்கு வெளியே வாளோடு நிற்கிற டைலர் (Tyler, வெளிவாசல் காவலர்) பெரும்பாலும் பழைய ஆள், லாட்ஜின் தலைவரான மாஸ்டர் பதவியெல்லாம் பார்த்து முடித்தவர், அவரோடு பேசக் கிடைக்கும் அந்த அரை மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்கும், இவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பதில் தட்டு தட்டுவார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்வார். ஒரு நாள் வகுப்பில் வந்தவருக்கு இந்த வராந்தா கிடைக்காது.

அடுத்தது மனப்பாடம். இரண்டாம் படிக்குப் போகும் முன் எல்லோர் முன்னாலும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான லாட்ஜ்களில் சடங்கு ஆங்கிலத்தில்தான், அதுவும் பழைய காலத்து ஆங்கிலம், நீளநீளமான வாக்கியங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் அர்த்தம் புரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கவும் வேண்டாம். உங்களை முன்மொழிந்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் தமிழில் என்ன அர்த்தம் என்று கேட்டு வாங்குங்கள், அப்புறம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறினால் வேலந்தாவளம் வருவதற்குள் ஒரு முறை முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம். இந்த நாட்களில் வேறொருவருக்கு முதல் படி நடந்தால் எந்த வேலை இருந்தாலும் போங்கள். உங்களுக்கு நடந்தபோது பதற்றத்தில் எதுவும் காதில் விழுந்திருக்காது, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் 'இதைத்தான் எனக்குச் சொன்னார்களா' என்று புரியும். அந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் வருகிறது, முதல் படியின் கருவிகளைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் ஐந்து நிமிஷம் பேச முடிகிறது என்றால் அடுத்த படிக்குக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் தள்ளிவைக்கச் செகரட்டரியிடம் நீங்களே சொல்லலாம், தாராளமாகச் சம்மதிப்பார்கள்.

லீவில் வருகிறவர்கள் என்ன செய்வது? வருவதற்கு மாதங்கள் முன்பே விண்ணப்பமும் வீட்டு விசாரிப்பும் ஓட்டும் முடியும்படி பார்த்துக்கொண்டு, இந்த லீவில் முதல் படி, அடுத்த லீவில் இரண்டாவது என்று போங்கள். சிங்கப்பூர், லண்டன் போல லாட்ஜ் இருக்கும் ஊரில் வேலை என்றால், உங்கள் லாட்ஜ் கடிதம் எழுதிக் கேட்டு அங்கேயே அடுத்த படியை நடத்தித் தரச் சொல்லவும் வழி உண்டு, இரண்டு பக்கத்து கிராண்ட் லாட்ஜும் சம்மதிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான அரபு நாடுகளில் ஃப்ரீமேசன்ரிக்குத் தடை. ஏப்ரன், பேட்ஜ், சடங்குப் புத்தகம் எதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறாதீர்கள், மோதிரம்கூட வேண்டாம், எல்லாம் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

ஏற்கெனவே வெளிநாட்டில் ஒரே நாளில் மாஸ்டர் மேசன் ஆகிவிட்டு ஊருக்கு வந்திருக்கிறீர்களா? உங்கள் படி முழுமையானதுதான், யாரும் அதைப் பாதி என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு லாட்ஜுக்குள் நுழைய சந்தா அட்டையும் உங்கள் கிராண்ட் லாட்ஜின் கடிதமும் வேண்டும், கிராண்ட் லாட்ஜ்கள் ஒன்றையொன்று அங்கீகரித்திருக்க வேண்டும், தவிர வாசலில் ஒருவர் தனியாக அழைத்துக் கேள்வி கேட்டுச் சோதிப்பார். ஒரு நாள் வகுப்பில் வந்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் விட்டுப்போன இடைவெளியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் எந்தப் பதவியும் கேட்காமல் முதல் படிச் சடங்குகளில் மட்டும் உட்காருங்கள், புதிதாகச் சேர்ந்தவர் கேள்வி பதில் படிக்கும்போது கூடவே படியுங்கள். பிறகு உள்வாசல் காவலர் போன்ற சின்னப் பொறுப்பு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ராயல் ஆர்ச், மார்க் என்று மூன்று படிக்கு மேற்கொண்டு இருப்பவற்றுக்கு அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் ஸ்காட்டிஷ் ரைட் என்ற கூடுதல் படி முறையில் ஒரு சனி ஞாயிறுக்குள் 32-வது படிவரை போய்விடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணை நம்மூரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், முதல் படிக் கேள்விக்குப் பதில் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

தேதி முடிவானதும் கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை தயார் செய்யுங்கள், டை பற்றி மட்டும் செகரட்டரியிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சடங்கு முடிந்ததும் சாப்பாடு உண்டு, அன்றைக்கு உங்களுக்காக ஒருவர் எழுந்து பேசுவார், நீங்களும் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டியிருக்கும். பாதியில் கிளம்பாதீர்கள். எல்லாம் முடியும்போது எல்லை தாண்டும் கடைசி பஸ் போயிருக்கும், அதனால் அந்த ஒரு நாளைக்காவது யார் காரில் திரும்புவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.