பக்கக் கணக்கை விட்டேன், வாசிப்புத் திட்டம் நிலைத்தது

படிக்காத புத்தகங்கள் 61. ஒவ்வொரு ஜனவரியிலும் பட்டியல் போடுவேன், பிப்ரவரி பாதியில் அது செத்துவிடும். ஒன்பது புத்தகங்களில் பக்க அடையாள அட்டை நாற்பதாம் பக்கம் வாக்கிலேயே நின்றிருந்தது.

முதலில் வாரத்துக்கு ஒன்று என்று வைத்தேன். மெலிந்தவற்றையே பொறுக்கி எடுத்தேன். தடிமனானவை அடியிலேயே கிடந்தன. அப்புறம் மொத்தப் பக்கங்களைக் கூட்டினேன்: 18,300. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 50. கணக்கு சரிதான், ஆனால் இரண்டு வாரம்கூட ஓடவில்லை.

காரணம் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்து வரிகளை எண்ணினேன். ஒன்றில் பக்கத்துக்கு 26 வரி, இன்னொன்றில் 38. 420 பக்க வரலாற்று நூலில் கடைசி 90 பக்கம் பின்குறிப்பும் சொல்லடைவும்! பக்கம் ஓர் அளவே இல்லை.

ஆகவே ஒவ்வொன்றையும் கடிகாரம் வைத்து 15 நிமிடம் படித்தேன். நாவல் 12 பக்கம் போனது, கட்டுரைத் தொகுப்பு ஐந்துதான். அதாவது அதே 300 பக்கம் ஒன்றில் ஆறேகால் மணி நேரம், மற்றதில் பதினைந்து. அதைச் சிறு துண்டுத்தாளில் எழுதி உள்ளட்டையில் செருகினேன். அந்தக் கால் மணி நேரத்திலேயே பதினான்கு புத்தகங்கள் கொடுத்துவிடலாம் என்று தெரிந்துபோனது, இதை எதிர்பார்க்கவில்லை.

தினம் 45 நிமிடம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 270 மணி. குவியலுக்கு 200, புதிதாக வருபவற்றுக்கு 70. இப்போது ஆகஸ்ட், பட்டியல் உயிரோடு இருக்கிறது.