ஏற்காடு மலைப்பாதையை மேசைமேல் கட்டுவோம்: பில்டிங் பிளாக்ஸ் விளையாட்டுகள்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலமும் சேலத்துப் பிள்ளைகள் பார்த்துப் பழகியவை. பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து ஒருமுறை கட்டியதோடு பில்டிங் பிளாக்ஸைப் பரணில் ஏற்றிவிட்ட வீடுகளில், அதே கட்டைகளால் இவ்விரண்டையும் விளையாட்டாக்கும் முறையைக் கீழே தருகிறேன்.

மேற்புறத்தில் இரண்டு வரிசையாக எட்டுக் குமிழ்கள் உள்ள கட்டைகள் 52, பக்கத்துக்கு 32 குமிழ்கள் கொண்ட சதுர அடித்தட்டு ஒன்று, சாதாரணக் கோலிக்குண்டு ஒன்று ஆகியவை போதும். மூன்று வயது நிறையாத குழந்தைகளின் கைக்குக் கோலியும் சிறிய கட்டைகளும் எட்டவே கூடாது. அவை தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

முதலில் கை பழகுவதற்கு ஒரு சிறு புதிர். ஒரே நிறக் கட்டைகள் இரண்டைக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை விதமாகப் பொருத்தலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இணையாக 11, குறுக்காக 13 என மொத்தம் 24 விதங்கள் உண்டு. தட்டாமாலையாகச் சுற்றிப் பார்க்கும்போது ஒன்றுபோலவே தெரிபவற்றை ஒரே விதமாக எண்ண வேண்டும். ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட நோட்டில் வரையச் சொன்னால் கணக்குத் தவறாது.

இனி மலைப்பாதை.

1. அடித்தட்டின் நான்கு ஓரங்களிலும் கட்டைகளை வரிசையாகப் பதித்து, இரண்டு குமிழ் அகலச் சுவர் எழுப்புங்கள். மேல் ஓரத்தில் இடது மூலையிலிருந்து இரண்டாவது கட்டையையும், கீழ் ஓரத்தில் வலது மூலையிலிருந்து இரண்டாவது கட்டையையும் விட்டுவிடுங்கள். கோலி நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் அவையே வாயில்கள்.

2. மேல் சுவருக்குக் கீழே நான்கு குமிழ்களை விட்டு, இடது சுவரிலிருந்து ஆறு கட்டைகளை நீளவாக்கில் வரிசையாகப் பொருத்துங்கள். வலது கோடியில் நான்கு குமிழ் இடைவெளி மிஞ்சும். முதல் வளைவு அதுதான்.

3. மீண்டும் நான்கு குமிழ்களை விட்டு, இப்போது வலது சுவரிலிருந்து ஆறு கட்டைகள். இப்படி மாறிமாறி நான்கு குறுக்குச் சுவர்கள் வைத்தால் தட்டில் இடம் சரியாக நிரம்பி, நான்கு வளைவுகள் அமையும்.

4. நுழைவாயிலில் கோலியை விட்டு, தட்டை இரு கைகளாலும் பிடித்துச் சாய்த்துச் சாய்த்து ஓட்ட வேண்டும். வளைவில் கோலி சுவரைத் தாண்டிக் குதித்தால், அந்த இடத்தில் மட்டும் இரண்டாவது அடுக்குக் கட்டை வையுங்கள். பாதையின் அகலத்தை மூன்று குமிழ்களுக்குக் கீழே குறைத்தால் கோலி சிக்கிக்கொள்ளும்.

நேரக் கெடு வைத்து ஓட்டச் சொல்வதை நான் விரும்புவதில்லை. அவசரத்தில் தட்டைக் குலுக்குவார்களே தவிர, சாய்வைக் கவனிக்க மாட்டார்கள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டோடு வந்தால் இன்னும் நல்லது. ஒருவரின் வெளிவாயிலை அடுத்தவரின் நுழைவாயிலோடு ஒட்டிப் பிடித்துக் கோலியைக் கைமாற்றினால், தட்டுக்கு நான்காக 20 வளைவுகளும் நிறைந்துவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி ஒட்டிவிட்டால், கோலி எந்த வளைவில் நின்றது என்று பிள்ளைகளே சத்தம்போட்டுச் சொல்வார்கள்.

மேம்பாலத்துக்குத் தனியே அடித்தட்டு வேண்டியதில்லை. இரண்டு தூண்களை எட்டுக் குமிழ் இடைவெளியில் நிறுத்தி, அவற்றின்மேல் கட்டைகளை இரண்டடுக்காகப் பரப்புங்கள். கொத்தனார் செங்கல் வைப்பதைப்போல, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே வராதபடி பாதிப் பாதி தள்ளி வைக்க வேண்டும். பிறகு நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்து, தாங்கினால் தூண்களின் இடைவெளியை நான்கு நான்கு குமிழ்களாகக் கூட்டுங்கள். பாலம் பிரியும்போது கீழடுக்கின் இணைப்புதான் முதலில் வாய் பிளக்கும். அதைப் பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும். ஒரு தளம் உறுதியாக நின்ற பிறகு இரண்டாம் தளத்தை எழுப்பலாம்.

விளையாடி முடித்த கட்டைகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். சேலத்து வெயிலை நம்பி மொட்டை மாடியில் காயவைத்தால் பிளாஸ்டிக் நெளிந்து, கட்டைகள் பிறகு ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம்.