பழைய மாணவர் நேர்காணல்: எங்கே சறுக்குகிறார்கள்?

ஹார்வர்ட், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற அமெரிக்கக் கல்லூரிகளில் இளங்கலைக்கு விண்ணப்பித்தால், அங்கே படித்து முடித்த ஒருவரிடமிருந்து ‘பேசலாமா?’ என்று மின்னஞ்சல் வரலாம். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். காபிக் கடையிலோ நூலகத்திலோ ஜூமிலோ அரை மணி, ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சேர்க்கை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை அனுப்புவார். இடம் கொடுப்பது அவர் கையில் இல்லை.

அந்த மின்னஞ்சலைக் கோட்டை விடுவதுதான் முதல் தவறு. தெரியாதவர் முகவரி என்பதால் ஸ்பாமில் போய் விழும். நவம்பர் கெடுவுக்கு விண்ணப்பித்தவர்கள் அந்த மாதத்திலும், ஜனவரிக்காரர்கள் பிப்ரவரி வரையிலும் தினம் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள். பதிலை மாணவரே எழுத வேண்டும். அப்பா எழுதுவதும், ஜூமில் அம்மா பின்னால் உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பதும் வேண்டாம்.

இந்தியாவிலிருந்து பேசுபவர்களுக்கு இன்னொன்று. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்கு அதுவரை மாலை 6.30, அப்புறம் 7.30.

பெரிய சறுக்கல் பேச்சில்தான். பொதுவாக உங்கள் மதிப்பெண்ணோ கட்டுரையோ அவர் கண்ணில் படுவதில்லை. ‘விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேனே’ என்று சுருக்கிக்கொண்டால், அவருக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. பட்டியலை ஒப்பித்தாலும் அதே கதைதான். ‘ரோபோட்டிக்ஸ் கிளப் தலைவர், மூன்று பரிசு’ என்பதை வைத்து அவர் என்ன எழுத முடியும்? போட்டிக்கு முந்தின இரவு மோட்டார் கருகியது, பழைய பிரிண்டரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டியது, அதுவும் பாதியில் நின்றது, அடுத்த வருடம் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். அதைத்தான் அவர் அறிக்கையில் எழுதுவார். காசு கொடுத்துப் பயிற்சி எடுத்து மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

‘ஏதாவது கேட்கணுமா?’ என்றால் ‘இல்லை சார்’ என்று முடிக்காதீர்கள். இணையதளத்தில் இருப்பதையும் கேட்காதீர்கள். முதல் வருடம் எது திணறடித்தது என்று கேட்டுப் பாருங்கள், மனிதர் உற்சாகமாகிவிடுவார்.

சரி, அழைப்பே வரவில்லை என்றால்? பதறாதீர்கள். அந்தப் பகுதியில் ஆள் இல்லாமல் இருக்கலாம். வராதது பாதகமில்லை என்று கல்லூரிகளே சொல்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகம் இந்த நேர்காணலை நிறுத்தியே விட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பதில் சிறு காணொளி அனுப்பலாம்.

முடிந்ததும் இரண்டு வரி நன்றி மின்னஞ்சல் போதும், பரிசுப் பொருள் வேண்டாம். ‘எனக்குக் கிடைக்குமா?’ என்றும் கேட்காதீர்கள். அது அவருக்கும் தெரியாது.