டாட்ஜ் டார்ட்டில் இருப்பது எந்த இன்ஜின்? பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

1967 முதல் 1976 வரை வந்த டாட்ஜ் டார்ட், அமெரிக்கக் கணக்கில் 'காம்பாக்ட்' கார். அந்தச் சிறிய வண்டிக்குள் 170 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினும் வந்தது, 440 கன அங்குல வி8 இன்ஜினும் வந்தது. லிட்டரில் சொன்னால் 2.8 முதல் 7.2 வரை. இத்தனை வகை இருந்ததால், விற்பவர் சொல்வதற்கும் பானெட்டுக்கு அடியில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போவது சகஜம். வண்டியின் பக்கவாட்டில் மின்னும் '340' என்ற எண் கடையில் வாங்கி ஒட்டக்கூடிய சாமான்தான். அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கீழே உள்ள வரிசையில் பாருங்கள். ஒரு டார்ச் விளக்கு, ஒரு கம்பிப் பிரஷ், கொஞ்சம் பழந்துணி போதும்.

படி 1: பானெட்டைத் திறந்து நில்லுங்கள்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள். இன்ஜின் முழுவதும் உங்கள் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றால், அது 'ஸ்லான்ட் சிக்ஸ்'. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில், 30 டிகிரி சாய்வில் இருக்கும். சாய்ந்த பக்கத்தில் ஸ்பார்க் பிளக்குகளும், அவற்றுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரும். எதிர்ப்பக்கத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றும் எரிபொருளும் போகும் இன்டேக் மேனிஃபோல்டு, நீண்ட குழாய்களாகப் பிரிந்திருக்கும். பானெட்டின் உயரத்தைக் குறைக்கச் சாய்த்தார்கள். அதனால் கிடைத்த இடத்தில் இந்த நீண்ட குழாய்களை வைக்க முடிந்தது. கச்சிதமான வேலை.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு பிளக் இருந்தால் வி8. இப்போது டிஸ்டிரிபியூட்டரைத் தேடுங்கள். ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டிப் பின்னால் இருந்தால் 273, 318, 340, 360 ஆகியவற்றில் ஒன்று. முன்பக்கம் இருந்தால் 383 அல்லது 440. கடைசி இரண்டும் டார்ட்டில் அரிது. எதிரே நிற்பது அப்படி ஒன்று என்றால், அந்தக் கார்களையே பார்த்துப் பழகிய ஒருவரைக் கூட்டி வராமல் பேரம் பேச வேண்டாம்.

படி 2: வண்டி எண்ணைப் படியுங்கள்

1968 முதல் வந்த கார்களில், ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேஷ்போர்டின் மேல் ஒரு சிறு தகடு தெரியும். அதில் 13 எழுத்தும் எண்ணும். ஓர் எடுத்துக்காட்டு: எல் எல் 4 1 சி 0 பி (B), அதன் பிறகு ஆறு இலக்க வரிசை எண்.

முதல் எல், டார்ட். இரண்டாவது எல், குறைந்த விலைப் பிரிவு. 41, நான்கு கதவு செடான். ஐந்தாவது இடத்தில் உள்ள சி-தான் நமக்கு வேண்டிய இன்ஜின் குறி. 0 என்பது 1970 மாடல். பி, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்டிராமிக் தொழிற்சாலை.

ஐந்தாவது எழுத்தை ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

1968, 1969: ஏ = 170, பி (B) = 225, டி = 273, எஃப் = 318, பி (P) = 340, ஹெச் = 383. 1969-இல் எம் என்று இருந்தால் 440.

1970 முதல்: பி (B) = 198, சி = 225, ஜி = 318, ஹெச் = 340.

பாருங்கள், 1969-இல் 225-ஐக் குறித்த பி (B), அடுத்த ஆண்டே 198 ஆகிவிட்டது. ஹெச் 383-இலிருந்து 340-க்கு இறங்கிவிட்டது. ஆண்டைக் கவனிக்காமல் பட்டியலைப் பார்த்தால் கதை கந்தல்.

படி 3: இன்ஜின் பிளாக்கில் பொறித்திருப்பதைப் பாருங்கள்

தகடு சொல்வது, தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நாளில் வண்டிக்குள் என்ன இருந்தது என்பதை மட்டும். இன்று உள்ளே இருப்பதைப் பிளாக்தான் சொல்லும். இங்கே இடம், வலம் என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. ஸ்லான்ட் சிக்ஸில், வலப்புறம் முன்பகுதியில், முதல் பிளக்குக்குக் கீழே ஒரு தட்டையான மேடு உண்டு. பின்பக்க டிஸ்டிரிபியூட்டர் உள்ள வி8-களில், இடப்புறம் சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே முன்முகத்தில் தேடுங்கள். அரை நூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருக்கும். பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடவுங்கள். 225, 318 என்று கன அங்குலம் எழும்பித் தெரியும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பொறிப்பே போய்விடும்.

1969-க்குப் பிந்தைய வண்டி என்றால், வண்டி எண்ணின் கடைசி எட்டு எழுத்துகளையும் பிளாக்கில் தேடிப் பாருங்கள். தகட்டோடு ஒத்துப்போனால் அது வண்டியோடு பிறந்த இன்ஜின். விலையைக் கூட்டிச் சொல்ல விற்பவருக்கு அது ஒன்றே நியாயமான காரணம்.

படி 4: குதிரைத்திறன் எண்களைக் கண்டு மயங்காதீர்கள்

225-க்கு 1971 வரை 145 குதிரைத்திறன் என்று அச்சிட்டார்கள், 1972-இல் 110. 318 இன்ஜின் 230-இலிருந்து 150-க்கு வந்தது. பெரும்பகுதி, அளக்கும் முறை மாறியதால் வந்த வித்தியாசம். முன்பு ஏர் கிளீனர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் வெறும் இன்ஜினைச் சோதனை மேடையில் ஓட்டி அளந்தார்கள். பிறகு அவற்றையெல்லாம் பூட்டி அளந்தார்கள். எனவே 1971 கையேட்டையும் 1972 கையேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. 340-க்கு மட்டும் 1972-இல் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு) உண்மையிலேயே குறைத்தார்கள்.

படி 5: எதை வாங்குவது?

முதல் பழைய கார், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்ட வேண்டும் என்றால் என் ஓட்டு 225-க்குத்தான். வேகம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளக் மாற்ற கை தாராளமாகப் போகும், சூடேறி நின்று மானத்தை வாங்காது. ஒரு வேலை மட்டும் உண்டு: வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். இன்டேக் வால்வுக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.020. டக் டக் என்ற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுங்கள். 198-ம் அதே குடும்பம், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக் மட்டும் குறைவு. வி8 வேண்டும் என்பவருக்கு 318. அதில் ஹைட்ராலிக் லிஃப்டர்கள், வால்வு சரிசெய்யும் வேலையே இல்லை.

'ஆறு சிலிண்டர் வண்டியை மலிவாக வாங்கி வி8 போட்டுக்கொள்ளலாம்' என்ற யோசனை எல்லோருக்கும் வரும். இன்ஜினைத் தாங்கும் கே சட்டம் வேறு, கியர்பாக்ஸ் உறை வேறு, ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் வேறு. கூட்டிப் பார்த்தால் வி8 வண்டியையே வாங்கியிருக்கலாம். 318 இருந்த இடத்தில் 360 போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 360-இன் சமநிலை எடைகளில் ஒரு பகுதி இன்ஜினுக்கு வெளியே, முன்பக்கம் அதிர்வைக் குறைக்கும் டேம்பரிலும், இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் இருக்கிறது. பழைய கன்வெர்ட்டரையே எடை சேர்க்காமல் பூட்டினால் வண்டி உதறிக்கொண்டே ஓடும்.