வீக்கம் என்றதும் மாத்திரை தேடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குச் சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி, வயிற்றுப் பகுதியில் 3.8 செ.மீ. விட்டம் என்று வந்தது. சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்க வேண்டிய குழாய் அது, 3 செ.மீ. ஆனாலே அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் வீக்கம் என்பார்கள். வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, வீக்கம் கரைய மாத்திரை இருக்கா என்பதுதான்.

முதல் தவறே இங்கேதான். நம் பேச்சில் கால் வீங்கினாலும் வீக்கம், ரத்தக்குழாய் உப்பினாலும் வீக்கம், அழற்சிக்கும் அதே பெயர். ஆனால் இது நீர் கோத்த வீக்கம் இல்லை, சுவர் தளர்ந்து வெளியே தள்ளிய வீக்கம். ஆற்றுக்கரையில் நண்டும் எலியும் வளை போட்டால் மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும், உள்ளே மண் போய்க்கொண்டே இருக்கும் இல்லையா, அதே கதைதான்: வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து, அங்கே சுரக்கும் நொதிகள் சுவருக்கு நெகிழ்வும் உறுதியும் தரும் எலாஸ்டின், கொலாஜன் இழைகளை அரிக்கின்றன, சுவரைத் தாங்கும் தசைச் செல்களும் சாகின்றன. போன எலாஸ்டின் பழையபடி திரும்புவதில்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு இது சுருங்காது. அந்த நொதிகளைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை அமெரிக்காவில் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், வளர்ச்சி குறையவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. சுற்றிலும் அழற்சி தடித்துப் படரும் தனி வகை சிலருக்கு உண்டு, அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு எல்லோரும் கேட்கக் கூடாது.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நார்மல் என்று நிம்மதியடைவதும் தவறு. விட்டத்தைக் காட்டுவது ஸ்கேன்தான். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வரும்போது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள், பெண்களுக்கு 5 செ.மீ. அளவிலேயே. அதுவரை டாக்டர் சொன்ன இடைவெளியில் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. கூடப் பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம் என்பதால் அப்பாவுக்கும் எடுத்துப் பார்த்தோம்.

வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு என்றால் நாமே சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்குகிறோமே, அதைத் தயவுசெய்து விடுங்கள். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தால் இந்த வகை மருந்து வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018 டிசம்பரில் எச்சரித்தது.

அப்புறம் பீடி. ஒரு நாளைக்கு இரண்டுதானே என்பார் பெரியப்பா. இந்த நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்களில் புகைதான் முதலிடம், அந்தச் சுவர் அரிப்புக்குத் தீனி போடுவதே அதுதான். இரண்டும் வேண்டாம் என்று சண்டை போட்டுத்தான் நிறுத்தினோம்.

எனக்கு மிகவும் பயம் தருவது வேறு. திடீரென வயிறோ நடுமுதுகோ கிழிப்பதுபோல் வலித்து, வியர்த்து, மயக்கம் வந்தால், வாயு என்று சோடா கொடுப்பதும், குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வழிப்பதும் நம் ஊரில் சகஜம். சுவர் வெடித்திருந்தால் அந்த அரை மணி நேரம்தான் உயிர். உடனே 108, ஆம்புலன்ஸில் ஏறியதும் பெருந்தமனி வீக்கம் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் ஸ்கேன் தாள் இப்போது ரேஷன் கார்டோடு ஒரே உறையில், கதவோரத்து ஆணியில் தொங்குகிறது.