.32 ரிவால்வரா, .32 பிஸ்டலா? தற்காப்புத் துப்பாக்கிக்குத் தோட்டா அளவு பார்ப்பது எப்படி

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, எதை வாங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கான விளக்கம் இது. லைசென்ஸ் வாங்கும் கதைக்குள் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று மாநகர எல்லைக்குள் குடியிருந்தால் போலீஸ் கமிஷனர் ஆபீஸ். நாங்குநேரி, ராதாபுரம், அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்.

படி 1: கிடைக்காததை முதலில் அடித்துவிடுங்கள்

யூடியூபில் பார்க்கிற 9 எம்எம், .45 எல்லாம் அமெரிக்கக்காரர்கள் பேச்சு. நம் நாட்டில் அவை தடை செய்யப்பட்ட ‘போர்’ (bore, அதாவது குழல் துளையின் அளவு). மத்திய உள்துறையின் தனி அனுமதி இல்லாமல் தனியாள் வைத்துக்கொள்ள முடியாது. சாதாரண லைசென்ஸில் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் .22, .32 இரண்டும்தான். உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் என்ன ஆயுதம், என்ன ‘போர்’ என்று எழுதியிருக்கிறதோ அதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். ரிவால்வர் என்று மட்டும் இருந்தால் பிஸ்டலுக்குத் திருத்தம் வாங்க வேண்டியிருக்கும்.

வீட்டில் தாத்தா காலத்து டபுள் பேரல் இருக்கிறதா? 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான் இருக்கலாம். அதையும் கணக்கில் சேருங்கள்.

களக்காடு பக்கம் வாழைக்குள் பன்றி இறங்குகிறது என்று கைத்துப்பாக்கி கேட்பவர்கள் உண்டு. அந்த வேலைக்கு இது உதவாது. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு விண்ணப்பம் வேறு, பன்றியைச் சுட வனத்துறை அனுமதியும் வேறு.

படி 2: ‘பவர்’ என்ற பேச்சை விட்டு ஆழத்தைப் பாருங்கள்

கைத்துப்பாக்கித் தோட்டா யாரையும் தூக்கி எறியாது. உடலுக்குள் முக்கியமான இடம்வரை போய்ச் சேர்ந்ததா, சரியான இடத்தில் பட்டதா என்ற இரண்டும்தான் கணக்கு. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ ஒரு அளவு வைத்தது: உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலம், கூடினால் 18 அங்குலம். இடையில் பெரிய தோட்டாவுக்கு மாறிய அதே எஃப்பிஐ 2014-ல் மறுபடி 9 எம்எம்மே போதும் என்றது. கையில் அடங்கி வேகமாகச் சரியாகப் படுவது பெரியதைவிட மேல் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

.32-க்கு 9 எம்எம் அளவு வேகமோ எடையோ கிடையாது. ஆனால் உருண்டை முனைத் தோட்டா அந்த 12 அங்குலத்தைத் தாண்டிவிடும். குழி முனைத் தோட்டா இந்தச் சின்ன அளவில் விரிந்தால் ஆழம் குறைகிறது, விரியாவிட்டால் கொடுத்த காசு வீண். .32-க்கு உருண்டை முனையே போதும் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: இரண்டு .32 இருக்கிறது

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘.32 தோட்டா 25 கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்?

.32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்பது ரிவால்வர் தோட்டா. 1896-ல் வந்தது. பித்தளைக் கூடு சுமார் 23 மில்லிமீட்டர் நீளம். அடியில் விளிம்பு நன்றாக வெளியே தள்ளியிருக்கும். ஈயக் குண்டின் எடை 98 கிரெயின் (குண்டு எடைக்கான அளவு). கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்கள் (பழைய மார்க் 3, 2014-ல் வந்த நிர்பீக், 2023-ல் வந்த பிரபல்) எல்லாம் இதைத்தான் சுடும்.

.32 ஏசிபி என்பது பிஸ்டல் தோட்டா. 7.65 எம்எம் என்றும் பெட்டியில் இருக்கும். பிரவுனிங் 1899-ல் வடிவமைத்தது. கூடு 17 மில்லிமீட்டர்தான். விளிம்பு லேசாகத்தான் தெரியும். குண்டு 71 கிரெயின். அஷனி போன்ற பிஸ்டல்களுக்கு இது.

குண்டின் குறுக்களவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஏசிபி தோட்டா சில ரிவால்வர்களின் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தாலும் சுடாதீர்கள். ஏசிபியின் அழுத்தம் 20,500 பிஎஸ்ஐ வரை போகும். ரிவால்வர் தோட்டாவுக்கு வரம்பு 15,000. பழைய துப்பாக்கி என்றால் சிலிண்டரே பிளக்கலாம். கடையிலேயே பெட்டியைத் திறந்து கூட்டின் அடிப்பக்க முத்திரையை வாசித்து, பேரலில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

.22 பற்றிச் சுருக்கமாக: பழகுவதற்கு அருமை. உதைப்பே இல்லை. ஆனால் விளிம்பில் மருந்து வைத்த தோட்டா என்பதால் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். மற்றதைக் கையாளவே முடியாத அளவுக்குக் கை பலவீனம் என்றால் மட்டும் இதை எடுங்கள்.

படி 4: கைக்கு ஒத்துவருகிறதா

கடையில் துப்பாக்கி காலி என்று நீங்களே திறந்து பாருங்கள். கடைக்காரர் சொன்னது போதாது. அவர் சம்மதத்தோடு, ஆள் இல்லாத சுவரை நோக்கிப் பிடித்து ட்ரிகரைப் பத்து முறை தொடர்ந்து இழுங்கள். .22-ல் இப்படிக் காலியாக அடிக்கக் கூடாது, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பு நசுங்கும்.

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ட்ரிகரே சுத்தியலையும் பின்னுக்கு இழுக்கிறது, அதனால் அதற்கு ஐந்து கிலோ அளவு இழுப்பு வேண்டும். ஐந்தாவது இழுப்பிலேயே முன் குறி ஆடினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இல்லை. நிர்பீக் 500 கிராம்தான், வைத்துக்கொள்ளச் சுகம். ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். முதல் துப்பாக்கிக்கு 700 கிராம் பக்கம் உள்ளதையே சொல்வேன்.

சின்ன .32 பிஸ்டல்களில் ஸ்லைடு (மேலே பின்னுக்கு நகரும் பாகம்) ஸ்பிரிங் கெட்டி. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் பின்னால் இழுக்க வராது. அவர்களுக்கு ரிவால்வர்தான். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவிட்டால் ட்ரிகர் லேசாகிவிடும்.

பிஸ்டல் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏசிபி தோட்டாவை மேகசினில் (தோட்டா அடுக்கும் கழற்று பெட்டியில்) அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொண்டு பிஸ்டல் நடுவில் நின்றுவிடும். ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் சரியாகாது. மேகசினையே கழற்ற வேண்டும். குட்டையான குழி முனைத் தோட்டாவில் இது இன்னும் கூடுதல்.

படி 5: வீட்டுச் சுவரைப் பாருங்கள்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் .32-ஐ நிறுத்தும். பலகைக் கதவு, ஆஸ்பெஸ்டாஸ், ஜிப்சம் தடுப்பு நிறுத்தாது. வளவு வீடுகளில் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு குடும்பம் தூங்குகிறது. எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலில் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள். தற்காப்பு உரிமை இப்போது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் போன தீங்குக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அந்தப் பதினொன்றையும் படிக்காமல் தோட்டா வாங்காதீர்கள்.

படி 6: சுட்டுப் பார்த்தல், பராமரிப்பு

அனுமதி பெற்ற ரேஞ்சில், வைத்திருக்கப்போகும் அதே தோட்டாவில் சுட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குறியை நோக்கிப் பிடித்தபடியே 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். சத்தம் மந்தமாக வந்தால் அடுத்தது சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நின்றிருக்கும். இறக்கிவிட்டு உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

உவரி, கூட்டப்புளி போலக் கடலோரம் என்றால் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளூரிலும் அதே கணக்கு. தோட்டாவின் மேல் எண்ணெய் படக் கூடாது, மருந்துக்குள் இறங்கிக் கெடுக்கும். தோல் உறைக்குள்ளேயே வைத்து மூடாதீர்கள். பித்தளையில் பச்சை பூத்துவிடும்.

பிறகு சேர்த்தது: தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களே, தோட்டாவையும் கொடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். உத்தரவில் என்ன இருக்கிறதோ அதுதான். கொடுப்பதாக இருந்தால் துப்பாக்கியைக் காலி செய்து, எண்ணெய் தடவி, துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்குங்கள். திரும்ப வாங்கியதும் பேரலுக்குள் துருவும் பூச்சிக் கூடும் இருக்கிறதா என்று பார்க்காமல் தோட்டா போடாதீர்கள்.