நாடக எழுத்துப் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு காட்சி எழுதுங்கள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து நாடகம் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையிலும் நாடகம் படிக்கலாம். எங்கே சேர்வதானாலும் சொந்தமாக எழுதிய காட்சி ஒன்று கையில் இருப்பது நல்லது.

1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையை எடுக்காதீர்கள். நம்மூர்க்காரர் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். மேடையில் புயலைக் காட்டுவதும் லேசில்லை. அதற்குப் பதில் கரைக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டே பேசுவார்கள், போய்க் கேளுங்கள். பிறகு இரண்டே பேரை வைத்து எழுதுங்கள்: ஒருவர் மற்றவரிடம் கடன் கேட்க வந்திருக்கிறார், ஆனால் காட்சி முடியும்வரை 'கடன்' என்று யாரும் சொல்லக்கூடாது. மூன்று பக்கம் போதும். மேடைக்குறிப்பில் 'மனம் நொந்தார்' என்று எழுதினால் நடிகர் என்ன செய்வார், பாவம்? முடிச்சை அவிழ்க்கிறார், பீடியைத் தேடுகிறார் என்று செய்யக்கூடியதை எழுதுங்கள்.

அப்புறம் இரண்டு நண்பர்களை உரக்க வாசிக்கச் சொல்லி, நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர்கள் தடுமாறும் வரிகளில் கோடு போட்டு, அன்றைக்கே திருத்திவிடுங்கள்.